சம்பந்தியை வீட்டுக்குக் கொண்டுவந்த நாள்

என் சம்பந்தி இங்கிலீஷ்காரர் இல்லை. முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். மனுசன் உயிரோடு இருந்தவரைக்கும் ஒஸ்லோவில் எல்லோரும் அவரை இங்கிலீஷ்காரர் என்றுதான் சொன்னார்கள். நானும் சொன்னேன். மகள் தானே விரும்பிய பெடியனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த அன்றே கனடாவில் இருக்கும் சொந்தக்காரருக்கு ஃபோன் எடுத்து, "தாய் நோர்வேக்காரி, தகப்பன் இங்கிலீஷ்காரன்" என்று பெரிய எடுப்பில் அறிவித்தவள் நான்தான்.

இரண்டு குடும்பமும் முதன்முதலாக ஒன்றாக இருந்து சாப்பிட்டது ஒஸ்லோவின் ஓரத்தில், ஃபுரூசெட்டில், எங்கள் வீட்டில். நான் நண்டுக் கறி வைத்திருந்தேன். கதை தொடங்க வேண்டுமே என்று, "உங்கட இங்கிலாந்திலையும் நல்ல மழையாம், என்ன?" என்று கேட்டேன். மனுசன் கரண்டியைக் கீழே வைத்தார். கழுத்திலிருந்து நெற்றி வரைக்கும் சிவந்துபோனார். மிளகாய்தான் ஏறிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடினேன்.

"கறி நல்லாயிருக்கு," என்றார். "நான் அயர்லாந்து."

நாங்கள் கதைத்தது நொஸ்க்கில், நோர்வே மொழியில். அவருடைய நொஸ்க்கும் என்னுடைய நொஸ்க்கும் இரண்டு மூலையில் அடிபட்டு வந்தவை. ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் காதில் தமிழாகத்தான் நிற்கிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

என் மனுசன் சும்மா இருந்திருக்கலாம். அவர் வாய் சும்மா இராது. "ரெண்டும் பக்கத்துப் பக்கத்துத் தீவுதானே, எல்லாம் ஒண்டுதானே," என்றார். சம்பந்தி அவரைக் கோபமில்லாமல் பார்த்தார். "உங்களை ஆண்டது ஆர்?" என்று கேட்டார். இங்கிலீஷ்காரர் என்றோம். "எங்களையும் அவைதான். உங்களிட்டை வர முந்தியே எங்களிட்டை வந்திட்டினம்." பிறகு இன்னொன்று கேட்டார். "ஒரு தீவு, எல்லாம் ஒண்டுதானே எண்டு சொல்லி, உங்களை ஆராவது சிங்களவர் எண்டால் என்ன செய்வியள்?"

மகள் எனக்குக் கண்ணைக் காட்டினாள். என் மனுசன் எழும்பிப் போய்ச் சட்டியோடு வந்து, இருந்ததில் பெரிய நண்டாகப் பார்த்து அவருடைய சாப்பாட்டுத் தட்டில் போட்டார். அதோடு இரண்டு ஆம்பிளைகளும் சிநேகிதம்.

அவர் அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊர்க்காரர். கடல் எண்ணெய் மேடைகளில் இரும்பு ஒட்டு வேலை செய்ய இளம் வயதில் நோர்வேக்கு வந்தவர். இங்கே ஒரு நேர்ஸைக் கல்யாணம் செய்து, லாம்பெர்செத்தரில் லிஃப்ட் இல்லாத பழைய மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருந்து, ஒரே ஒரு மகனைப் பெற்றவர். அந்த மகன்தான் என் மருமகன். நானும் தகப்பனும் ஒருவரையொருவர் சம்பந்தி என்றே கூப்பிடுவோம். அந்தச் சொல்லை அவர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

ஒருமுறை தெ-பானவில், அதுதான் எங்கள் நிலக்கீழ் ரயில், நானும் அவரும் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் இருந்த ஒரு அம்மா, காது கேளாதவளுக்குச் சொல்வதுபோல மெதுவாக, நான் எந்த நாடு என்று கேட்டா. நான் சொல்லத் தொடங்க முந்தி அவர் பக்கம் திரும்பி, "நீங்கள் இங்கிலீஷ், உங்கட கதையிலை தெரியுது," என்றா. இறங்கி நடக்கும்போது சம்பந்தி சொன்னார்: "உங்களிட்டைக் கேக்கினம், சம்பந்தி. எனக்குச் சொல்லினம்."

"எது மோசம்?" என்றேன்.

"எனக்குத் தெரியேல்லை. கேட்டால் மறுமொழி சொல்லலாம்."

"நான் சொல்லுற மறுமொழியை அவை நிண்டு கேக்கிறேல்லை. அதையும் கணக்கிலை எடுங்கோ," என்றேன். மனுசன் நடுத்தெருவில் நின்று சிரித்தார்.

எனக்கு அவரோடு ஒரேயொரு விஷயத்தில்தான் சண்டை. அவருடைய ஊரில் இங்கிலீஷ் இல்லாத, அதற்கும் முந்திய ஒரு சொந்த மொழி இருந்தது. அவர் அதில் பிறந்து வளர்ந்தவர். மகனுக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. நான் சனிக்கிழமைதோறும் பனியென்ன மழையென்ன என்று என் மகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உங்கட பிள்ளைக்கு நீங்கள் செய்தது சரியில்லை," என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

"ஆரோடை கதைக்கிறது, சம்பந்தி? தாய்க்குத் தெரியாது. தெருவிலை ஆருக்கும் தெரியாது. உங்களுக்கு மண்டபம் நிறையச் சனம். எனக்கு நான் மட்டும்." அதற்கு மேல் நானும் ஒன்றும் சொல்லமாட்டேன், தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன்.

அதனாலோ என்னவோ மருமகனுக்கு நானே கொஞ்சம் தமிழ் பழக்கினேன். பெரிதாக ஒன்றும் ஏறவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கறாராகப் பழக்கினேன். எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஒருநாளும் "போறன்" என்று சொல்லக்கூடாது, "போட்டு வாறன்" என்றுதான் சொல்லவேண்டும். போய்விட்டு வருகிறேன் என்று சொன்னால்தானே போகிறவர் திரும்பி வருவார். நோர்வேக்காரப் பிள்ளைக்கு ஒரு விதியைச் சொன்னால் போதும், உயிர் போனாலும் மீறாது. ஒவ்வொரு முறையும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "மாமி, போட்டு வாறன்," என்று சொல்லி, நான் "போட்டு வாங்கோ" என்ற பிறகுதான் கதவைச் சாத்தும்.

மகளின் கல்யாணம் முடிந்த அடுத்த வருடம் என் மனுசன் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அவரை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் எனக்கு முதலில் வந்த நினைப்பு. மாலையானால் அவர் சரிந்து கிடக்கும் அந்த நீளக் கதிரைக்கு முன்னால், எங்கள் சனம் சுற்றியிருந்து அழ, ஒரு பகலாவது அவர் கிடக்க வேண்டும். என் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். எங்கள் கட்டடத்தில்தான் ஏழாம் மாடி, ஊரில் தீவுப்பகுதியைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலேயே அவளுக்கும் வேலை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இஞ்சை விடமாட்டினம்," என்றாள். வந்தவர்கள் எல்லோரும், இந்த நாட்டில் அனுமதியில்லை என்று, அதையே சொன்னார்கள். எனக்கும் அது தெரிந்த விஷயமாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியின் ஒரு சின்ன அறையில் கொஞ்ச நேரம் பார்க்க விட்டார்கள். பிறகு தகனம் செய்யும் இடத்தில் பெட்டியைப் பார்த்தோம். வீட்டில் நாங்கள் அழுதது அவருடைய படத்துக்கு முன்னால்.

அவர் போன அன்றைக்குச் சம்பந்தி வந்து, கோட்டைக் கழற்றாமல் ஒரு மூலையில் இருந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "அவர் எங்கை?"

"ஆஸ்பத்திரியிலை."

"ஏன் வீட்டிலை இல்லை?"

"இஞ்சை விடமாட்டினம்."

"ஆரிட்டைக் கேட்டனியள்?"

எனக்கு மூக்குநுனியில் கோபம் வந்தது. மனுசனைப் பறிகொடுத்து இருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று எழும்பிக் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சில வருடங்களில் அவருடைய மனைவியும் போனா. நோர்வே முறைப்படி எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரு கிழமைக்கு மேல் காத்திருந்து, சின்னத் தேவாலயத்தில் மெழுகுதிரி, பியானோ, ஒரு பேச்சு. பிறகு ஒரு மண்டபத்தில் கோப்பியும் பாணும். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு முதல் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒருவரும் சத்தமாக அழவில்லை, அழுதவர்களும் மன்னிப்புக் கேட்டார்கள். சம்பந்தி மண்டப வாசலில் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார்.

அதற்குப் பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் குசினியில் இருந்து அவர் அதைச் சொன்னார். "சம்பந்தி, நான் செத்தால் என்னை வீட்டிலை வையுங்கோ. ஒரு பகல் போதும். சனம் வரவேணும், தேத்தண்ணி குடிக்கவேணும், என்னைப் பற்றிப் பொய் பொய்யாய்ச் சொல்லவேணும். பின்னேரம் எங்கட கத்தோலிக்கக் கோயிலுக்குக் கொண்டுபோகலாம். எங்கட ஊரிலை அப்பிடித்தான்."

"எங்கட ஊரிலையும் அப்பிடித்தான். இஞ்சை விடமாட்டினம்," என்றேன் திரும்பவும்.

"கேளுங்கோ."

"மகனுக்குச் சொல்லுங்கோவன்."

"அவனுக்கு இது விளங்காது. நான் அவனுக்கு ஒண்டும் பழக்கேல்லை, நீங்கள் எத்தினை தரம் பேசியிருக்கிறியள். உங்களுக்குத்தான் விளங்கும்."

சரி, கேட்டுச் செய்கிறேன் என்று கையில் அடித்துச் சொன்னேன். சொன்னால் சொன்னதுதான். என் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், சிலருக்கு அது பெரிய கரைச்சலும்கூட.

போன வசந்தகாலத்தில், ஈஸ்டர் முடிந்த கையோடு, இதயம் நின்று சம்பந்தி போனார். அன்று பின்னேரம் மகள் வீட்டில் எல்லோரும் இருந்தோம். நான் சுற்றி வளைக்கவில்லை. "உங்கட அப்பாவை லாம்பெர்செத்தர் வீட்டுக்குக் கொண்டுவரவேணும். அவர் என்னட்டைச் சொன்னவர்," என்று மருமகனிடம் சொன்னேன்.

மருமகன் என்னை நிமிர்ந்து பார்த்து, நொஸ்க்கில்தான் கேட்டார். "என்னட்டைச் சொல்லேல்லையே, மாமி."

"இல்லை."

"ஏன்?"

வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் பொய் சொல்லப் பிடிக்கவில்லை. "நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னால் அவர் தாங்கமாட்டார். அதுதான்."

அவர் எழும்பிப் போய் என் பேத்தியின் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். குழந்தை பயப்படும். அயலவர்கள் என்ன நினைப்பார்கள். அப்பா யாருக்கும் தொந்தரவு கொடுக்காத மனுசன். கடைசியாக, "இது சட்டத்துக்குச் சரிவராது எண்டுதான் நினைக்கிறன். சரியெண்டால் செய்வம், மாமி. நான் குறுக்கை நிக்கமாட்டன்," என்றார். என் மகள் சும்மா இருப்பாளா. "அம்மா, இதிலையும் பிடிவாதம் பிடிக்காதேங்கோ, ப்ளீஸ்."

"பிடிப்பன்," என்றேன்.

அடுத்த நாள் காலையில், செத்தவரின் காரியங்களை ஒழுங்குசெய்யும் நிலையத்துக்கு ஃபோன் எடுத்தேன். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவர்கள் இல்லை என்று சொன்னால் என்ன சொல்வது, பெரியவரைக் கூப்பிடச் சொல்வது எப்படி, அவரும் இல்லை என்றால் யாரிடம் போவது, எல்லாவற்றையும் நொஸ்க்கில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். ஒரு இளம் பெண் கதைத்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி:

"எத்தினையாம் மாடி?"

நான் விளங்காமல் திரும்பச் சொன்னேன். இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவர, வீட்டில் ஒரு பகல் வைத்திருக்க.

"ஓம், அது விளங்குது. எத்தினையாம் மாடி, லிஃப்ட் இருக்கோ எண்டு தெரிஞ்சால் ஆக்களை அதுக்கேத்த மாதிரி அனுப்பலாம். வீட்டு ஹீட்டரை நிப்பாட்டி வைக்கவேணும்."

"விடுவினமோ?"

"ஆர்?" என்று கேட்டாள் அந்தப் பெண். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள்.

"எப்ப இருந்து இது விடுகினம்?" என்றேன்.

"எப்பவும்தான். முந்தி இஞ்சையும் எல்லாரும் வீட்டிலைதானே வைச்சவை. இப்ப ஆரும் கேக்கிறேல்லை, அவ்வளவுதான்."

ஃபோனை வைத்துவிட்டுக் குசினித் தரையில் இருந்துவிட்டேன். அப்படியொரு கோபம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. யாரைத் திட்டுவது? சட்டம் போட்டவன் ஒருவனும் இல்லை. அப்படியொரு சட்டமே இல்லை. சீருடையைக் கண்டாலே அடையாள அட்டையைத் தேடிப் பழகிய சனம் நாங்கள், இங்கே வந்து எங்களுக்கு நாங்களே ஒரு சட்டத்தைப் போட்டு, ஒருவருக்கொருவர் காதில் ஓதி, இத்தனை வருடமாக அதற்குப் பணிந்து நடந்திருக்கிறோம். எத்தனை பேரை ஆஸ்பத்திரி அறையிலிருந்து நேரே அனுப்பியிருப்போம். என் மனுசன் அந்த நீளக் கதிரைக்கு முன்னால் ஒரு பகல் கிடந்திருப்பார். ஒரு ஃபோன் எடுத்திருந்தால் கிடந்திருப்பார். நான் வாய்விட்டு அழுதேன். அயல் வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

பிறகு எழும்பி முகத்தைக் கழுவிக்கொண்டு மருமகனுக்கு எடுத்தேன். "விடுவினம். மூண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை எண்டு சொல்லிப்போட்டன். ரெண்டு மூண்டு பெடியளை நிக்கச் சொல்லுங்கோ."

குறித்த நாள் காலையில் பெட்டி வந்தது. லாம்பெர்செத்தர் படிக்கட்டு இரண்டாம் மாடியில் திரும்பும் இடத்தில் நல்ல ஒடுக்கம். வந்த இரண்டு ஆட்களும் தலையைச் சொறிந்தார்கள். மருமகன் மேல்சட்டையைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு முன்பக்கத்தைத் தானே பிடித்தார். எங்கள் பெடியன்கள் இரண்டு பேர் பின்பக்கம். கைப்பிடிக் கம்பிக்கு மேலால் தூக்கித்தான் திருப்ப முடிந்தது. வேண்டாம் என்று சொன்ன பிள்ளை வியர்த்து ஒழுக, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்," என்று சொல்லிச் சொல்லி ஏற்றியது. உள்ளே ஹீட்டரை நிறுத்தி ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். எங்கள் முதியோர் இல்லத்திலும் ஒருவர் போனால் ஜன்னலைத் திறப்பது வழக்கம், அயர்லாந்திலும் அப்படியாம். பெட்டியைக் கூடத்தில் வைத்து மூடியைத் திறந்தார்கள். பேத்தி பயப்படும் என்று சொன்னார்களே, அவள் போய் அவர் கையைத் தொட்டுவிட்டு, "அப்பப்பா குளிராய்க் கிடக்கிறார்," என்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டு விளையாடப் போனாள்.

மதியத்துக்கு முதல் சம்பந்தியின் தமக்கை விமான நிலையத்திலிருந்து வந்து சேர்ந்தா. எண்பதைத் தாண்டிய, என் தோள் உயரமே வரும் மனுசி. மூன்று மாடியையும் நிற்காமல் ஏறி வந்து, தம்பியின் நெற்றியில் முத்தமிட்டுக் கொஞ்ச நேரம் கதைத்தா. பிறகு நேரே குசினிக்குள் போய்க் கேத்தலில் தண்ணீரைப் பிடித்தா. நான் பின்னால் ஓடிப்போய்க் கேத்தலைப் பிடித்தேன்.

"இல்லை, இல்லை. செத்த வீட்டிலை அடுப்பு மூட்டக்கூடாது."

நாங்கள் இரண்டு பேரும் கதைத்தது இங்கிலீஷில். என்னுடையது பள்ளிக்கூட இங்கிலீஷ், அவவுடையது காற்றில் பறக்கும். ஆனால் அந்த நேரம் இரண்டு பேருக்கும் எல்லாம் நன்றாக விளங்கியது. "இது அடுப்பில்லை, சுவிட்ச்," என்றா.

"கொதிச்சால் அடுப்புத்தான்."

"சனம் வரும். வந்த சனத்துக்குத் தேத்தண்ணி குடுக்காமல் விட்டால் என்ரை தம்பிக்கு அவமானம்."

"பிரேதம் கிடக்கேக்கை வீட்டிலை நெருப்பு மூட்டினால் என்ரை சம்பந்திக்கு அவமானம்."

இரண்டு பேரும் கேத்தலை விடவில்லை. அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தண்ணீர் என் காலில் சிந்தியது. தம்பியின் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அப்போது எனக்கு விளங்கியது. என் மகள் வாசலில் நின்று, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசல் கதவு திறந்தபடி இருந்ததால், எதிர்வீட்டு நோர்வேக்காரர் எட்டிப் பார்த்தார். தனியாக இருக்கும் வயதான மனுசன். "இங்கிலீஷ்காரர் இறந்துபோனாரோ?" என்று மெல்லக் கேட்டார். தமக்கைக்கு நொஸ்க் தெரியாது, ஆனால் அந்த ஒரு சொல் தெரிந்துவிட்டது. கேத்தலை விட்டுவிட்டு வாசலுக்குப் போய், அந்த ஆளை அண்ணாந்து பார்த்து, "அயர்லாந்து," என்றா. அவ்வளவுதான் சொன்னா. நான் நொஸ்க்கில் திரும்பவும் சொன்னேன். அந்த மனுசன் பாவம், நன்றாகச் சிவந்துபோனார். "இத்தினை வருசம் எதிர்வீட்டிலை இருக்கிறன். எனக்குத் தெரியாது."

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்," என்றேன். சொன்ன கையோடு எனக்கே சுருக்கென்றது. என் கையில் கேத்தல் இருந்தது. அதை அப்படியே அவரிடம் நீட்டினேன். "உங்கட வீட்டிலை இதைக் கொதிக்க வைச்சுத் தருவியளோ?"

அன்று பின்னேரம் வரைக்கும் அந்த மனுசன் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். எங்கள் வழக்கத்துக்கு வீட்டில் நெருப்பு மூளவில்லை, அவர்கள் வழக்கத்துக்குத் தேத்தண்ணிக்குக் குறை வரவில்லை. தமக்கை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினா. நானும் ஆட்டினேன்.

சனம் வந்தது. நான் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன், மகளின் மாமனார் என்றால் வராமல் விடுவார்களா. அயர்லாந்துக்காரர் கொஞ்சப்பேர் வந்தார்கள். அவரோடு வேலை செய்த நோர்வேக்காரர் வந்து, பெட்டியைக் கண்டதும் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் கோட்டோடு நின்றார்கள். தமக்கை ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோப்பையைத் திணித்தா. கையில் கோப்பை வந்ததும் அவர்களுக்கு வாய் வந்தது. எண்ணெய் மேடையில் சம்பந்தி தன் தலைக்கவசத்தில் "இங்கிலீஷ்காரன் இல்லை" என்று நொஸ்க்கில் பெயிண்டால் எழுதி வைத்திருந்தாராம். மேலதிகாரி அழிக்கச் சொல்ல, இன்னும் பெரிதாக எழுதினாராம். மருமகன் விழுந்து விழுந்து சிரித்தார். அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார், மன்னிப்புக் கேட்கவில்லை.

பின்னேரம் தமக்கை செபமாலையை எடுத்து முழந்தாளில் இருந்தா. இங்கிலீஷில் சொல்லப்போகிறா என்று நினைத்தேன். இல்லை. தங்கள் மொழியில் தொடங்கினா. அயர்லாந்துக்காரருக்குள்ளேயே இரண்டு பேருக்குத்தான் பதில் சொல்லத் தெரிந்தது. அந்தக் குரல்கள் போதாமல் தடுமாறியபோது, என் ஏழாம் மாடிச் சிநேகிதி தன் மணிகளை எடுத்தாள். தமக்கையின் விரல் எந்த மணியில் நிற்கிறது என்று பார்த்து, அதே இடத்தில் பிடித்து, மன்றாட்டின் மற்றப் பாதியைத் தமிழில் சொன்னாள். தமக்கை ஒருகணம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தா. மருமகன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாமி, இதுவே அப்பான்ரை பாஷை?"

"ஓம். இதுதான்."

அவர் முடியும்வரைக்கும் நின்றே கேட்டார்.

கோயிலுக்குக் கொண்டுபோகும் நேரம் வந்தது. வெளியில் இன்னும் நல்ல வெளிச்சம். மூடியைப் போட முன்னர் ஒவ்வொருவராக விடைகொடுத்தார்கள். தமக்கை குனிந்து காதுக்குள் என்னவோ சொன்னா. நோர்வேக்காரர் தலை குனிந்தார்கள். கடைசியாக மகன். பெட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். என்ன சொல்வதென்று தேடுகிறார் என்று தெரிந்தது. தகப்பனின் மொழி அவரிடம் இல்லை. நொஸ்க்கில் உள்ள விடைபெறும் சொல்லைக் கடைக்காரனுக்கும் பஸ் சாரதிக்கும் நாள்தோறும் சொல்லித் தேய்த்தாயிற்று. பிறகு, நான் பழக்கிய மாதிரியே, ஒவ்வொரு எழுத்தாக, தமிழில் சொன்னார்:

"அப்பா, போட்டு வாங்கோ."

எங்கள் பொம்பிளைகள் எல்லோருக்கும் மூச்சு நின்றுபோனது. செத்த வீட்டில் சொல்லவே கூடாத ஒன்று அது. வந்தவர்கள்கூடச் சொல்லாமல்தான் எழும்பிப் போவார்கள். அதைப் பெட்டிக்குள் கிடக்கிறவரிடமே சொல்லிவிட்டது பிள்ளை. திருத்துவதற்கு நான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலில் நான் கொடுத்ததை, தன்னிடம் இருந்ததில் நல்லதென்று எடுத்துத் தகப்பனுக்குக் கொடுத்திருக்கிறது. இதற்குள் என்ன திருத்தம் வேண்டிக் கிடக்கிறது.

நானும் கிட்டப் போய், "போட்டு வாங்கோ, சம்பந்தி," என்றேன். அதற்குப் பிறகு எங்கள் சனத்தின் அழுகையை அடக்க முடியவில்லை. அந்தக் கட்டடம் அப்படியொரு சத்தத்தைக் கேட்டிருக்காது. எதிர்வீட்டு மனுசன் கேத்தலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பெட்டியை இறக்கினார்கள். இந்த முறை திருப்பத்தில் சிக்கவில்லை, மருமகனுக்கு வழி பிடிபட்டிருந்தது. நான் பின்னால் படியில் இறங்கும்போது யாரோ என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். என் சிநேகிதி. அவளுடைய மனுசன் மாரிகாலத்திலிருந்து படுக்கை. இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். என் மனுசன் போனபோது "இஞ்சை விடமாட்டினம்" என்று என் கையைப் பிடித்தவளும் இவள்தான்.

"அக்கா," என்றாள். மற்றவர்கள் இறங்கிப் போகும்வரைக்கும் பொறுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "இவர் வெள்ளைக்காரர் எண்டபடியால் விட்டிருப்பினம். எங்களையும் விடுவினமே?"

நான் அவளைப் படியில் இருத்தி, நானும் பக்கத்தில் இருந்தேன்.

"நான் ஃபோன் எடுக்கேக்கை ஆர், எவர், எந்த நாடு எண்டு அவள் ஒண்டும் கேக்கேல்லையடி. எத்தினையாம் மாடி எண்டுதான் கேட்டவள்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிரம்பி வழிந்தது. "நாங்கள் ஏழாம் மாடி, அக்கா."

"தெரியும். லிஃப்டை நான் அளந்து பாத்திட்டன். பெட்டி கொள்ளும்."